கிணற்றடிக் கீரை

2022 ஓகஸ்ட் பிற்பகுதியில் இலங்கையில் மண்ணெண்ணெய் விலை ஒரே இரவில் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஏறியது. அதற்கு முன்பும் எண்ணெய் தாராளமாகக் கிடைக்கவில்லை. கலன்களை வரிசையில் வைத்துவிட்டு மணிக்கணக்கில், நாட்கணக்கில் காத்துக்கிடந்த மாதங்கள் அவை. புத்தளம் மாவட்டத்தின் கரையோரத்தை அந்த விலையேற்றம் இரண்டு பக்கத்தாலும் தாக்கியது. கற்பிட்டி, கண்டக்குழி, உடப்பு, சிலாபம் என்று கடலுக்குப் போகும் சிறு படகுகளின் இயந்திரம் குடிப்பது மண்ணெண்ணெய். கரையில் மணல் தோட்டங்களுக்குக் கிணற்றுநீர் இறைக்கும் சிறிய பம்புகள் பலவும் குடிப்பது அதையே. படகு கரையேறிக் கிடந்தது, பாத்தியும் காய்ந்தது.

அடுத்து வந்த செப்டெம்பரில், கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி, உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். போன வருடம் நூறு ரூபாய்க்கு வாங்கிய சாமானுக்கு இந்த வருடம் ஏறக்குறைய இருநூறு ரூபாய். உலக உணவுத் திட்டமும் உணவு விவசாய நிறுவனமும் சேர்ந்து செய்த மதிப்பீடு, நாட்டில் 63 இலட்சம் பேருக்கு உணவு உறுதியில்லை என்றது. அதற்கு மூன்று மாதம் முன்பே, ஜூன் நடுவில், அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை கொடுக்க அமைச்சரவை தீர்மானித்திருந்தது. எரிபொருளை மிச்சம் பிடிப்பது ஒரு நோக்கம். வீட்டு வளவில் மரக்கறி செய்யுங்கள் என்பது இன்னொன்று.

இலங்கையர் இந்த அழைப்பை முதல் தடவையாகக் கேட்கவில்லை. 1942இல் பர்மா ஜப்பானியர் வசமாகி அரிசிக் கப்பல்கள் நின்றபோது கேட்டார்கள். 1970களின் முற்பகுதியில், எண்ணெய் விலையும் உலகத் தானிய விலையும் ஒன்றாக ஏறி, கூப்பன் அரிசி குறைந்து, மரவள்ளிக் கிழங்கு காலைச் சாப்பாடும் இராச் சாப்பாடுமாக ஆன காலத்தில் கேட்டார்கள். 2011இல் அரசின் ‘திவி நெகும’ வாழ்வாதாரத் திட்டம் பத்து இலட்சம் வீட்டுப் பொருளாதார அலகுகளைக் குறிவைத்தபோதும் கேட்டார்கள். ஒவ்வொரு தடவையும் பசி வரும்போது வளவு நினைவுக்கு வருகிறது. கப்பல் வந்ததும் மண்வெட்டி மூலைக்குப் போகிறது. இடையில் ஒரு கேள்வி கேட்கப்படாமலே நிற்கிறது: ஒரு வீட்டு வளவால் உண்மையில் எவ்வளவு பசியைத் தீர்க்க முடியும்?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

நான்கு பேர் கொண்ட ஒரு குடும்பம். ஆளுக்கு நாளொன்றுக்கு 2,100 கலோரி. நெருக்கடிக் காலப் பங்கீட்டுக்கு உலக உணவுத் திட்டம் வைத்திருக்கும் அளவு இது. மொத்தம் 8,400 கலோரி. அரிசியில் இதைப் பெற இரண்டரைக் கிலோ வரை வேண்டும். முளைக்கீரையில் பெறுவதென்றால், 100 கிராமில் சுமார் 30 கலோரிதான் இருக்கிறது என்பதால், ஒரு நாளைக்கு 28 கிலோ கீரை வேண்டும். எந்த வயிறும் அதைக் கொள்ளாது.

கிழங்கு எப்படி? பத்துப் பேர்ச் காணியில் பாதியை, அதாவது 125 சதுர மீற்றர் அளவை, மரவள்ளிக்கு ஒதுக்கலாம். சதுர மீற்றருக்கு ஒரு கிலோவுக்குச் சற்று மேலே விளைந்தால் 150 கிலோ கிழங்கு. தோல் சீவியபின் 120 கிலோ. 100 கிராமுக்கு 160 கலோரி என்று பெருக்கினால் 1,92,000 கலோரி வரும். அந்தக் குடும்பத்துக்கு அது 23 நாள் உணவு. நட்டு எட்டு, பத்து மாதம் காவலிருந்து கிடைப்பது மூன்று வாரத்துச் சாப்பாடு. ஆனாலும் மரவள்ளியை இந்தக் கணக்கோடு தள்ளிவிட முடியாது. பிடுங்கினால் இரண்டு மூன்று நாளில் கெட்டுப்போகும் இந்தக் கிழங்கு, பிடுங்காமல் விட்டால் மண்ணுக்குள் மாதக்கணக்கில் இருக்கும். கடலும் கூலியும் கைவிட்ட கிழமைகளில் நாளைக்கு ஒரு வேளை என்று எடுத்தால், அதே 150 கிலோ இரண்டு மாதத்துக்கு மேல் வரும்.

மரவள்ளியைப் பற்றிப் பேசும்போது அதன் நஞ்சையும் சொல்லியாக வேண்டும். கிழங்கின் உயிரணுக்களில் லினமரின் என்ற பொருள் இருக்கிறது. வெட்டும்போதோ நசுக்கும்போதோ உயிரணு உடைந்து, பக்கத்திலேயே இருக்கும் நொதியம் அதைத் தொட, ஐதரசன் சயனைட்டு பிறக்கிறது. இதன் கொதிநிலை 26 பாகை செல்சியஸ்தான். சூடேறியதும் ஆவியாகிவிடும், வெளியேற வழியிருந்தால். மரவள்ளி தின்ற நாளில் இஞ்சி கூடாது என்ற விலக்கு இலங்கை வீடுகளில் உறுதியாக இருக்கிறது. இஞ்சியைவிடக் கவனிக்க வேண்டியது சட்டியின் மூடி. துண்டாக்கி, நிறையத் தண்ணீர் விட்டு, மூடாமல் அவித்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட வேண்டும். பசி கடுமையாகும்போது மனிதர் முதலில் விட்டுவிடுவது இந்தப் பொறுமையைத்தான். 1981 வறட்சியில் மொசாம்பிக்கின் நம்புலா மாகாணத்தில் கசப்பு மரவள்ளியைச் சரியாகப் பதப்படுத்தாமல் தின்றதால் ஆயிரத்துக்கு மேற்பட்டோருக்குக் கால்கள் விறைத்து முடங்கின. அவர்களில் பெரும்பாலோர் பெண்களும் பிள்ளைகளும்.

ஆக, வளவு சோற்றுப் பானையை நிரப்பாது. அதை நிரப்பும் என்று சொல்லித் தொடங்கிய திட்டங்கள் மக்களை ஏமாற்றின. தோட்டத்தின் மீதே நம்பிக்கை போகச் செய்தன. ஆனால் பசியில் இன்னொரு வகை உண்டு. வயிறு நிறைந்திருக்கும்போதும் அது இருக்கும். சோறும் தேங்காய்ச் சம்பலும் பிளேன்டீயுமாக ஓடும் நாட்களில் இரும்பு, விற்றமின் ஏ, போலிக் அமிலம், கல்சியம் ஆகியவை மெல்ல மெல்ல வற்றிப்போகும். இதை மறைபசி என்கிறார்கள். 2022 நெருக்கடிக்கு ஆறு வருடம் முன்பே, 2016இன் மக்கள்தொகை சுகாதார ஆய்வில், இலங்கையில் ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளில் 17 சதவீதம் வயதுக்கேற்ற உயரமில்லாமலும் 15 சதவீதம் உயரத்துக்கேற்ற நிறையில்லாமலும் இருந்தார்கள். எழுத்தறிவிலும் தாய்சேய் நலத்திலும் பெயரெடுத்த நாட்டுக்கு இது நீண்டநாள் வேதனை. கர்ப்பிணிகளுக்கும் மெலிந்த பிள்ளைகளுக்கும் 1973 முதல் கொடுத்துவரும் திரிபோஷா மாவும் 2022இல் தட்டுப்பாடாகியது.

இந்தப் பசிக்கு எதிரே வைத்தால் அதே வளவின் கணக்குத் தலைகீழாகிறது. நாலு பேருக்கு நாளுக்கு அரைக் கிலோ கீரை, மாதம் 15 கிலோ. ஒரு சதுர மீற்றர் பாத்தியில் முளைக்கீரை நாலு கிழமையில் ஒரு கிலோவுக்கு மேல் தரும். தேவைப்படும் இடம் 12, 13 சதுர மீற்றர். அதாவது அரைப் பேர்ச். வேலியோரம் நிற்கும் ஒரு முருங்கையைச் சேர்த்தால் இன்னும் குறையும். 100 கிராம் முருங்கை இலையில் 6 கிராம் புரதம், 300 மில்லிகிராமுக்கு மேல் கல்சியம், 100 மில்லிகிராம் அளவு விற்றமின் சி இருக்கின்றன. ஒரு கைப்பிடி இலையில் உள்ள கரோட்டினே ஒரு பெண்ணின் ஒரு நாள் விற்றமின் ஏ தேவையில் கணிசமான பங்கைத் தரும். அரிசியை வளவில் விளைவிக்க முடியாத குடும்பம் அரிசியில் இல்லாததை வளவில் விளைவிக்க முடியும். சந்தையில் விலை ஏறும்போது வீட்டுப் பெண்கள் முதலில் வெட்டுவது கீரையையும் பழத்தையும் முட்டையையும்தான், சோற்றை இல்லை. வெட்டுப்படுவதையே வளவு தருகிறது என்பதுதான் அதன் பெறுமதி.

சட்டியிலே நடக்கும் வேதியியலையும் இங்கே பார்க்கலாம். இலங்கைக் கீரைச் சுண்டலுக்குக் கீரையை மெல்லியதாக அரிந்து, தேங்காய்ப்பூ, வெங்காயம், பச்சைமிளகாய், கொஞ்சம் மாசி போட்டு ஒரு பிரட்டுப் பிரட்டி இறக்கி, கடைசியில் தேசிக்காய் பிழிவார்கள். கீரையில் உள்ள இரும்பு குடல் எளிதில் ஏற்காத வடிவில் இருக்கிறது. தேசிப்புளியின் விற்றமின் சி அதை ஏற்கும் வடிவத்துக்கு மாற்றுகிறது. மாசியின் மீன்தசையும் அதற்குத் துணை நிற்கிறது. விற்றமின் சி சூட்டில் அழியும், எனவே அடுப்பிலிருந்து இறக்கிய பின் பிழிவதுதான் சரி. கரோட்டின் கொழுப்பில் கரைவது. மூன்று முதல் ஐந்து கிராம் கொழுப்பு இருந்தாலே குடல் அதை உறிஞ்சும், அதைத் தேங்காய்ப்பூ தருகிறது. தலைமுறை தலைமுறையாகக் கைப்பழக்கத்தில் வந்த ஒரு சுண்டலில் உணவியல் பாடநூலின் இரண்டு அத்தியாயம் இருக்கிறது. அதைக் கெடுக்கும் ஒரு பழக்கமும் அதே வீட்டில் உண்டு. சாப்பிட்ட கையோடு குடிக்கும் தேநீரின் தனின் அந்த இரும்பைப் பிடித்துவைத்துக்கொள்கிறது. ஒரு மணி நேரம் பொறுத்தால் போதும்.

*

கண்டியின் வீட்டுத்தோட்டம் உலகப் பெயர் பெற்றது. பலா, ஈரப்பலா, மிளகு, கோப்பி, வாழை என்று அடுக்கடுக்காக ஒரு சிறு காடே வீட்டைச் சுற்றி நிற்கும். அந்தப் படத்தை மனதில் வைத்துக்கொண்டு கற்பிட்டி மணலில் கன்று நட்டவர்களுக்கு ஏமாற்றமே மிஞ்சும். கண்டியில் மழை ஏறக்குறைய இரண்டு மடங்கு. மண்ணிலும் களி உண்டு. புத்தளம் கரையில் வருட மழை ஏறக்குறைய 1,100 மில்லிமீற்றர், அதில் பெரும்பங்கு ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை. மண் என்று சொல்வது பெரும்பாலும் வெறும் மணல்.

மணலின் குறை அதன் துகள் அளவில் இருக்கிறது. பெரிய துகள்களுக்கு இடையே பெரிய துவாரம். ஊற்றிய தண்ணீர் நிற்காமல் இறங்கும். செடி எடுத்துக்கொள்ளக்கூடிய நீராக, ஒரு மீற்றர் ஆழ மணல் 50 முதல் 80 மில்லிமீற்றர் வரைதான் பிடித்துவைக்கும். கீரை வேர் இருப்பது மேல் 20 சென்ரிமீற்றரில். அந்த அடுக்கில் நிற்பது 10 முதல் 16 மில்லிமீற்றர் நீர். வெயிலும் காற்றும் நாளுக்கு 5 மில்லிமீற்றர் உறிஞ்சும். பாதி நீர் போனதுமே கீரை வாடத் தொடங்கும் என்பதால், ஒன்று, ஒன்றரை நாளைக்கு மேல் தாங்காது. மலைநாட்டில் இரண்டு நாளைக்கு ஒரு தடவை ஊற்றுவதை இங்கே காலையும் மாலையும் பங்கிட்டு ஊற்ற வேண்டும். அதிகமாக ஊற்றுவதால் பயனில்லை. மிச்சமெல்லாம் கீழே போகும், போகும்போது பசளையையும் கூட்டிக்கொண்டு போகும். பசளைச் சத்தைப் பிடித்துவைக்கும் மின்னேற்றம் களியிலும் மக்கிலும் இருக்கிறது, மணல் துகளில் அநேகமாக இல்லை.

மருந்தும் அந்த மாவட்டத்திலேயே கிடக்கிறது. குருநாகல், கம்பஹா, புத்தளம் மூன்றும் சேர்ந்ததே இலங்கையின் தென்னை முக்கோணம். 1929இல் தொடங்கிய தென்னை ஆராய்ச்சி நிலையம் இருப்பது புத்தளம் மாவட்டத்து லுணுவிலையில். தென்னந்தோட்டங்களில் மரங்களுக்கு இடையே குழி வெட்டி, பொச்சு மட்டைகளை அடுக்கிப் புதைத்து மழைநீரைப் பிடிப்பது அங்கே பழைய வழக்கம். அதே உத்தியைக் கீரைப் பாத்திக்குச் சுருக்கலாம். ஒன்றரை அடி ஆழத்துக்கு மணலை எடுத்து, அடியில் பொச்சை உள்பக்கம் மேலே பார்க்க அடுக்கி, அதன்மேல் மணலும் கூட்டெருவும் தும்புத்தூளும் கலந்து நிரப்ப வேண்டும். தும்புத்தூள் தன் எடையைப்போல் ஏழெட்டு மடங்கு நீரைப் பிடிக்கும். ஒரு எச்சரிக்கை: களப்பு நீரில் ஊறிய மட்டையின் தூளில் உப்பு இருக்கும். இரண்டு மூன்று தடவை நல்ல தண்ணீரில் கழுவி அல்லது ஒரு மாரி மழையில் நனையவிட்டு எடுக்க வேண்டும்.

கூட்டெரு என்றதும் 2021இன் காயம் நினைவுக்கு வரும். அந்த வருடம் மே மாதத்தில் அரசாங்கம் இரசாயனப் பசளை, பீடைகொல்லி இறக்குமதியை ஒரேயடியாகத் தடைசெய்தது. விளைச்சல் விழுந்து, எதிர்ப்பு எழுந்து, நவம்பரில் தடையை நீக்கியது. சேதனப் பசளை என்ற சொல்லே பலருக்குக் கசந்துபோனது. ஆனால் அங்கே பிழையாகியது அளவு. சதுர மீற்றருக்கு இரண்டு கிலோ கூட்டெரு என்று வைத்தால் ஒரு ஏக்கருக்கு எட்டுத் தொன் வேண்டும். ஒரு போகத்துக்குள் நாடு முழுவதற்கும் அதை யாராலும் செய்துகொடுத்திருக்க முடியாது. அரைப் பேர்ச் பாத்திக்கு வேண்டியது 25 கிலோ. சமையலறைக் கழிவு, ஆட்டுப் புழுக்கை, மீன் தலையும் குடலும், வேலிச் சீமைக்கிளுவையின் இலை இவை போதும். வெக்கையான மணலில் மக்கு வேகமாக எரிந்துபோகும் என்பதால், ஒவ்வொரு விதைப்புக்கும் முன்பு மறுபடி போட வேண்டும். வயலில் நடக்காதது வளவில் நடக்கும். வளவில் நடப்பதை வயலுக்கு உத்தரவாக்கியதுதான் அந்த வருடத்துத் தவறு.

*

கற்பிட்டிக் குடாநாட்டின் ஒரு புறம் இந்து சமுத்திரம், மறுபுறம் புத்தளம் களப்பு. இரண்டும் உப்பு. நடுவில் கிண்டினால் சில மீற்றரில் நல்ல தண்ணீர் வருகிறது. உப்பங்கழிகளுக்கு நடுவே நின்று முதல் வாளியை இறைத்தவருக்கு அது ஒரு அருளாகத் தோன்றியிருக்கும். அதன் காரணம் எடை வித்தியாசம். மழைநீர் மணலில் இறங்கி, தன்னைவிட இரண்டரை சதவீதம் கனமான கடல்நீரின்மேல் மிதக்கிறது. நடுவில் தடித்து, ஓரங்களில் மெலிந்து, ஒரு பூதக்கண்ணாடி வில்லையின் வடிவில் அது நிற்கும். நெதர்லாந்தின் கைபன் 1880களின் முடிவிலும், ஜெர்மனியின் ஹெர்ஸ்பேர்க் 1901இலும் தனித்தனியாகக் கண்ட விதி இது: நிலத்தடி நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு ஒரு மீற்றர் மேலே நின்றால், நன்னீர் ஏறக்குறைய 40 மீற்றர் கீழே வரை இருக்கக்கூடும். நிலத்தின் அமைப்பைப் பொறுத்து உண்மையில் குறையும். ஆனால் அந்த 40 என்ற எண் மறுபக்கமும் வெட்டும். இறைத்து இறைத்து நீர்மட்டத்தைப் பத்துச் சென்ரிமீற்றர் தாழ்த்தினால், காலப்போக்கில் அடியிலிருந்து உப்பு நாலு மீற்றர் ஏறி வரும். இயந்திரம் ஒரே இடத்தில் இழுக்கும்போது கிணற்றுக்கு நேர்கீழே உப்பு கூம்பாக எழும்பும். வாளியால் இறைப்பவர் கிணறு அவ்வளவு விரைவில் உவர்க்காது.

அந்த வில்லைக்கு இன்னொரு நோயும் உண்டு. கற்பிட்டி இலங்கையின் முக்கியமான மரக்கறிப் பிரதேசங்களில் ஒன்று. சின்ன வெங்காயம், மிளகாய், பீட்ரூட் எல்லாம் இந்த மணலில் தெளிப்பு நீரில் விளைந்து, நுரைச்சோலை பொருளாதார மத்திய நிலையம் வழியாகத் தூர ஊர்களுக்குப் போகின்றன. பல தசாப்தங்களாகக் கொட்டிய நைதரசன் பசளையில் பெரும்பங்கு மணலைத் தாண்டி நிலத்தடி நீரில் சேர்ந்திருக்கிறது. 1980களிலேயே ஆய்வாளர் இதை அளந்து எச்சரித்தார்கள். உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வைத்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று. தோட்டங்கள் நெருங்கிய இடங்களில் பல கிணறுகள் அதைத் தாண்டின. ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு அந்த நீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் திறன் குறைந்து உடல் நீலம் பாரிக்கும். கொதிக்கவைத்தாலும் நைத்திரேற்று போகாது. நீர் வற்றுவதால் செறிவு கூடும்.

வீட்டுத்தோட்டக்காரருக்கு இதில் ஒரு நடைமுறைப் பாடம் இருக்கிறது. லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று உள்ள நீரை ஒரு சதுர மீற்றருக்கு நாளுக்கு ஐந்து லீற்றர் ஊற்றினால், மாதம் 150 லீற்றரோடு 1.7 கிராம் நைதரசன் பாத்திக்கு வந்துசேரும். ஒன்றரைக் கிலோ கீரை எடுத்துக்கொள்வது ஆறேழு கிராம். கால்வாசியைக் கிணறே கொடுத்துவிடுகிறது. அழுக்கு கூடிய கிணறு பாதியையும் கொடுக்கும். அப்படிப்பட்ட இடத்தில் யூரியாவை அள்ளிப் போடுவது காசுக்கும் கேடு, அயல் வீட்டுக் கைக்குழந்தைக்கும் கேடு. ஒருவர் பாத்தியில் போட்டது இன்னொருவர் கிணற்றில் வந்து நிற்கும் ஊர் அது.

ஐந்து லீற்றர் என்ற அளவை வைத்துப் பார்த்தால் அரைப் பேர்ச் கீரைக்கு நாளுக்கு 60, 65 லீற்றர் போதும். நாலு பேர் குளிப்பது, துவைப்பது, அரிசி களைவது எல்லாம் சேர்ந்தால் இருநூறு லீற்றரைத் தாண்டும். தமிழ் வீடுகளில் கிணற்றடி வாழை என்று ஒன்று எப்போதும் நிற்பது இதனால்தான். குளித்த தண்ணீர் ஓடும் வாய்க்காலில் வாழையும் பப்பாசியும், அரிசியும் மீனும் கழுவிய தண்ணீரில் கீரையும் என்று பிரித்துக்கொள்வது நல்லது. சவர்க்காரம் கலந்த நீரை வாழை ஓரளவு தாங்கும். பச்சையாக அரிந்து உண்ணும் வல்லாரைக்கு அந்த நீர் வேண்டாம்.

மே மாதம் பிறந்தால் காற்று. செப்டெம்பர் வரை தென்மேற்கிலிருந்து ஓயாமல் வீசும் இந்தக் காற்றுக்காகவே வெளிநாட்டுக்காரர் பட்டம் பிடித்துக் கடலில் சறுக்கும் பலகைகளோடு கற்பிட்டிக்கு வருகிறார்கள். கத்தரிக் கன்றுக்கு அது உயிர்வாதை: உப்புத் திவலை இலைவிளிம்பைக் கருக்கும், மணல் தண்டைத் தேய்க்கும், ஈரம் பறக்கும். காற்றை முற்றாக மறிக்கும் மதிலைவிட, பாதி புகவிடும் வேலி நல்லது. மதிலைத் தாண்டிய காற்று மறுபக்கம் சுழன்று விழும். ஓலை வரிச்சு வேலிக்குள் நுழைந்த காற்று வேகமிழந்து போகும். வேலியின் உயரத்தைப்போல் பத்து மடங்கு தூரம் வரை அதன் காப்பு இருக்கும். ஆளுயர வேலி ஒரு சிறிய வளவு முழுவதையும் காக்கும்.

எதை நடுவது என்பதில் உப்பே நடுவர். போஞ்சியும் கரட்டும் மண்ணின் உவர்ப்பு மீற்றருக்கு 1 டெசிசீமனைத் தாண்டினாலே விளைச்சல் குறைவன, வெங்காயம் 1.2, மிளகாய் 1.5. தக்காளி 2.5 வரை பொறுக்கும், பீட்ரூட் 4, கௌபி கிட்டத்தட்ட 5. நுவரெலியா மரக்கறிப் பொதியைப் பார்த்து ஆசைப்பட்டு விதை வாங்குவதைவிட, கௌபி, முளைக்கீரை, பசளி, பொன்னாங்காணி, வற்றாளை, முருங்கை, அகத்தி என்று இந்த மணலுக்கு இசைந்தவற்றோடு தொடங்குவதே அறிவு. வற்றாளைக்குக் கிழங்கு விழாத வருடத்திலும் கொழுந்து சுண்டலுக்கு ஆகும். உப்பைப் பொறுத்தவரை அது மென்மையான செடி, ஆனால் மணலில் படர்ந்து நிழல் கொடுத்து ஈரத்தைக் காப்பதில் அதற்கு ஈடில்லை.

*

மண்ணும் நீரும் காற்றும் சரியாக இருந்தாலும் இன்னொன்று வேண்டும். காணி.

1990 ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் அனைவரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தவருக்குக் கொடுத்த அவகாசம் இரண்டு மணி நேரம். ஏறக்குறைய 75,000 பேர் ஊரிழந்தார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் வந்துசேர்ந்தது புத்தளம் மாவட்டத்துக்கு. கற்பிட்டியிலும் பாலாவியிலும் முந்தலிலும் தென்னந்தோப்புகளுக்குள் கிடுகுக் குடிசைகள் வரிசை வரிசையாக எழுந்தன. மன்னாரிலும் முல்லைத்தீவிலும் வயலும் தோட்டமும் வைத்திருந்தவர்கள், பக்கத்துத் தோட்டத்தில் வெங்காயம் பிடுங்கக் கூலிக்குப் போனார்கள். விவசாயம் தெரியாததால் அவர்கள் வாசலில் கீரை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. குடிசைக்கும் குடிசைக்கும் நடுவே இடமில்லை. இருந்த இடமும் இன்னொருவருடையது. நாளை எழும்பச் சொல்லக்கூடிய நிலத்தில் யாரும் முருங்கை நட மாட்டார்கள். 2007இல் உலக வங்கி நிதியோடு வந்த புத்தளம் வீடமைப்புத் திட்டம் காணி உறுதியோடு வீடு கொடுத்தபோதுதான் பலருக்கு வேலி என்ற ஒன்றே மறுபடி சாத்தியமாகியது. வீட்டுத்தோட்டக் கையேடுகளில் முதல் பக்கத்தில் இருக்க வேண்டியது விதையைப் பற்றிய குறிப்பு அல்ல, காணி உறுதியைப் பற்றியது. காணியில்லாதவருக்கு வெற்று உரப்பையில் தும்புத்தூளும் கூட்டெருவும் நிரப்பிப் பசளி நடலாம், அது உதவும், காணிக்கு ஈடாகாது.

உலக அனுபவம் இன்னொரு எச்சரிக்கையையும் தருகிறது. 2012இல் பிரித்தானிய மருத்துவ ஆய்விதழில் வந்த ஒரு தொகுப்பாய்வு, வீட்டுத்தோட்டம் போன்ற 23 திட்ட ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தது. பயிரிட்டதை வீட்டில் உண்பது கூடியது. ஆனால் பிள்ளைகளின் உயரக் குறைவு மாறியதற்குப் போதிய சான்று கிடைக்கவில்லை. அதே காலத்தில் புர்கினா பாசோவில் 2010 முதல் 2012 வரை நடந்த ஒரு கட்டுப்பாட்டு ஆய்வில், தோட்டத்தோடு கோழியும், தாய்மாருக்கு வீடுதேடிப் போய்ச் சொல்லும் ஊட்டப் பாடமும் சேர்ந்தபோது கைக்குழந்தைகளின் இரத்தச்சோகை குறைந்தது. விதைப் பொட்டலத்தை மட்டும் பங்கிட்டுவிட்டுப் படமெடுத்துப் போகும் திட்டத்துக்கும், கிளினிக்கில் நிறை பார்க்கும் குடும்பநல உத்தியோகத்தர் “பிள்ளைக்கு முருங்கையிலையைக் கஞ்சியில் மசித்துக் கொடுங்க” என்று சொல்லிவிட்டு, அடுத்த மாதம் வந்து கொடுத்தீர்களா என்று கேட்கும் ஏற்பாட்டுக்கும் உள்ள தூரம் அது. பாத்திக்குத் தண்ணீர் ஊற்றுவது யார் என்பதையும் பார்க்க வேண்டும். கருவாடு காயப்போட்டு, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, சமைத்து முடித்த அதே கைதான் பின்னேரம் வாளியையும் தூக்குகிறது. ஆண்கள் வாளி தூக்காத வீட்டில் தோட்டம் இரண்டாவது கோடையைத் தாண்டுவதில்லை.

2023 மே மாத மதிப்பீட்டில் உணவு உறுதியில்லாதோர் 39 இலட்சமாகக் குறைந்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை விடுமுறை முடிந்து வெகுகாலம் ஆகியிருந்தது.

ஒக்டோபர் மழை விழுந்ததும் இந்தக் கரையில் நடவு தொடங்கும். வேலியோரத்துக்கு முருங்கையைக் கம்பாக நடுவதா, விதையாகப் போடுவதா என்று ஒரு பேச்சு வரும். கையளவு தடித்த கம்பு ஆறு, எட்டு மாதத்தில் காய்க்கும். ஆனால் அதன் வேர் மேலோட்டமாகப் பரவும். தென்மேற்குக் காற்றில் மணலோடு சாய்ந்துவிடும். விதை பிந்தித்தான் காய்க்கும், ஆனால் ஆணிவேரை ஈரம் இருக்கும் ஆழத்துக்கு இறக்கும். காற்று மறைவான கிணற்றடிப் பக்கம் ஒரு கம்பு, கடலைப் பார்த்த பக்கம் மூன்று விதை என்று நட்டால் தை மாதத்திலேயே கொழுந்து கிள்ளலாம்.